விண்வெளி வானிலை: முன்னறிவிப்பும் வதந்தியும்

2024 ஜூன் மாதம். கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறந்த முதல் வாரம். ஒன்பதாம் வகுப்பில் நுழைந்ததும் ஒரு மாணவி எழுந்து கேட்டாள்.

“டீச்சர், லீவுல சூரியப் புயல் வந்துச்சாமே. லடாக்குல வானமே செவந்து கெடந்த படத்த போன்ல பாத்தேன். நம்ம ஊருல ஏன் தெரியல? நமக்கு ஒண்ணும் ஆவாதா?”

நான் யோசிக்காமல் பதில் சொன்னேன்: “அதெல்லாம் துருவப் பகுதிகளுக்குத்தான். நாம் நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறோம். நமக்கு ஒன்றும் ஆகாது.” அவள் அதை அப்படியே குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள்.

எழுதிக்கொண்டதுதான் என்னை உறுத்தியது. பேச்சாகப் போயிருந்தால் மறந்திருப்பேன். நான் சொன்னது சரிதானா என்று அன்று மாலை தேடிப் படிக்கத் தொடங்கினேன். பாதி தவறு என்று தெரிந்தது. அந்தத் தவறைத் திருத்தும் முயற்சியே எங்கள் வகுப்பில் இரண்டு வாரப் பாடமாக நீண்டது. எட்டு, ஒன்பதாம் வகுப்புகளில் காந்தவியலும் அண்டமும் நடத்தும் ஆசிரியர்களுக்குப் பயன்படும் என்பதால் இங்கே பகிர்கிறேன்.

அன்று நடந்தது என்ன?

2024 மே முதல் வாரத்தில் சூரியனின் முகத்தில் ஒரு பெரிய கரும்புள்ளிக் கூட்டம் தெரிந்தது. அதன் அகலம் பூமியின் விட்டத்தைப் போல் சுமார் 15 மடங்கு. அதற்கு விஞ்ஞானிகள் இட்ட எண் 3664. கரும்புள்ளி என்பது சூரியனின் காந்தப்புலம் மிக வலுவாக இருக்கும் இடம். சுற்றுப்புறத்தைவிட வெப்பம் குறைந்திருப்பதால் கறுப்பாகத் தெரிகிறது. முறுக்கிய ரப்பர் வளையம் அறுந்தால் விசை வெளிப்படுவது போல, அங்கே முறுகிக் கிடக்கும் காந்தப்புலம் தளரும்போது இரண்டு விதமான நிகழ்வுகள் ஏற்படலாம். ஒன்று, எக்ஸ் கதிரும் ஒளியும் பளிச்சென்று வெளிப்படும் சுடர் வெடிப்பு. மற்றொன்று, கோடிக்கணக்கான டன் மின்னூட்டத் துகள்கள் தம் காந்தப்புலத்தோடு மேகம்போல் வீசியெறியப்படும் கொரோனா பொருள் வெளியேற்றம்.

மே 8 முதல் அந்தக் கூட்டத்திலிருந்து இத்தகைய மேகங்கள் அடுத்தடுத்துப் புறப்பட்டன. அமெரிக்காவின் விண்வெளி வானிலை முன்கணிப்பு மையம் மே 9 அன்றே எச்சரிக்கை விடுத்தது. புவிக்காந்தப் புயலுக்கான ஐந்து படிகளில் நான்காம் படி வரை போகலாம் என்பது அதன் கணிப்பு. மே 10, நம் நேரப்படி இரவு பத்து மணிக்கு மேல் முதல் அலை பூமியைத் தொட்டது. புயல் ஐந்தாம் படியை எட்டியது. 2003 அக்டோபருக்குப் பிறகு அந்தப் படியைத் தொட்ட முதல் புயல் அதுவே. லடாக்கின் ஹான்லே வானாய்வகக் கேமராக்களில் செந்நிறத் துருவ ஒளி பதிவானது. அமெரிக்காவில் அது விதைப்புக் காலம். ஜிபிஎஸ் வழிகாட்டுதலில் ஓடும் டிராக்டர்களுக்கு இடக்கணக்கு பிசகியதால் சில பகுதிகளில் விதைப்பை நிறுத்தி வைத்தார்கள்.

கணிப்பு நான்கு, நடந்தது ஐந்து. “அப்ப அவங்க சொன்னது தப்பா டீச்சர்?” என்று ஒருவன் கேட்டான். அந்தக் கேள்வியைப் பலகையின் ஓரத்தில் எழுதி வைத்தேன்.

மின்னலும் இடியும்

மின்னல் முதலில் தெரியும், இடி பிறகு கேட்கும். நடுவில் உள்ள நேரத்தை எண்ணி இடி விழுந்த தூரத்தைச் சொல்லும் பழக்கம் நம் பிள்ளைகளுக்கு உண்டு. சூரியப் புயலுக்கும் இதே ஒப்புமை பொருந்தும். கணக்கை அவர்களையே போடச் சொன்னேன்.

சூரியனுக்கும் பூமிக்கும் இடையே சுமார் 15 கோடி கி.மீ. சுடர் வெடிப்பின் எக்ஸ் கதிர் வினாடிக்கு 3 லட்சம் கி.மீ. வேகத்தில் வரும். 500 வினாடி, அதாவது 8 நிமிடம் 20 வினாடி. வெடிப்பை நாம் பார்க்கும் நொடியில் அதன் கதிரும் வந்து சேர்ந்திருக்கும். ஆகவே அது புறப்பட்ட செய்தியை முன்கூட்டி அறிய வழியே இல்லை.

துகள் மேகமோ மெதுவாக வரும். வினாடிக்கு 800 கி.மீ. என்று கொண்டால் 1,87,500 வினாடி, அதாவது ஏறத்தாழ 52 மணி நேரம். இரண்டு நாளுக்கு மேல் அவகாசம் கிடைக்கிறது.

1859 செப்டம்பர் 1 அன்று ரிச்சர்டு கேரிங்டன் என்ற ஆங்கிலேயர் கண்ட வெடிப்பின் மேகம் சுமார் பதினேழரை மணி நேரத்தில் பூமிக்கு வந்துவிட்டது. வேகம் என்ன என்று கேட்டேன். வினாடிக்கு 2,300 கி.மீ.க்கு மேல் என்று கண்டுபிடித்தார்கள். அந்தப் புயலின்போது மும்பை கொலாபா ஆய்வகத்தில் காந்தப்புலம் சுமார் 1,600 நானோ டெஸ்லா சரிந்தது பதிவாகியிருக்கிறது. 2024 மே புயலின் சரிவு சுமார் 400 நானோ டெஸ்லா.

இங்கே ஒரு மாணவன் ஆய்வகத்திலிருந்து காந்த ஊசிப் பெட்டியை எடுத்து வந்து, “புயலப்ப இது சுத்திருக்குமா?” என்றான். நம் பகுதியில் புவிக்காந்தப்புலம் சுமார் 40,000 நானோ டெஸ்லா. அதில் 400 என்பது ஒரு சதவீதம். அந்தச் சரிவும் பெரும்பாலும் வடக்கு நோக்கிய கூறின் அளவில்தான். ஊசியின் திசை கண்ணுக்குத் தெரியும்படி மாறாது. உணர்வுள்ள கருவி எதற்கு வேண்டும் என்பதை விளக்க இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

கடைசி அரை மணி நேரம்

இரண்டு நாள் அவகாசம் இருந்தும் கணிப்பு ஏன் பிசகுகிறது? மேகம் கொண்டுவரும் காந்தப்புலத்தின் திசையைச் சூரியனைப் பார்த்து மட்டும் உறுதியாகச் சொல்ல முடிவதில்லை.

இதை இரண்டு சட்டக் காந்தங்களை வைத்துக் காட்டலாம். ஒத்த துருவங்களை நெருக்கினால் தள்ளும்; எதிர்த் துருவங்கள் ஒட்டிக்கொள்ளும். மேகத்தின் காந்தப்புலம் பூமியின் புலத்தைப் போலவே வடக்கு நோக்கி இருந்தால் பெரும்பகுதி விலகிப் போகும். தெற்கு நோக்கி இருந்தால் பூமியின் புலத்தோடு இணைந்து ஆற்றலை உள்ளே கொட்டும். எளிமைப்படுத்திய விளக்கம்தான், ஒன்பதாம் வகுப்புக்கு இது போதும்.

திசையை அளக்க, மேகத்தின் வழியிலேயே ஒரு கருவி நிற்க வேண்டும். பூமியிலிருந்து சூரியன் பக்கம் 15 லட்சம் கி.மீ. தொலைவில் உள்ள எல்-1 புள்ளி அதற்கு ஏற்ற இடம். 2023 செப்டம்பர் 2 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து புறப்பட்ட ஆதித்யா எல்-1, 2024 ஜனவரி 6 அன்று அப்புள்ளியைச் சுற்றும் பாதையை அடைந்தது. அதன் ஏழு கருவிகளில் காந்தமானியும் ஒன்று. திட்ட இயக்குநர் நிகர் ஷாஜி, தென்காசி மாவட்டம் செங்கோட்டையில் அரசு மகளிர் பள்ளியில் படித்தவர். இதைச் சொன்னபோது வகுப்பில் பெண் பிள்ளைகள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

எல்-1 இலிருந்து பூமிக்கு மேகம் வர எவ்வளவு நேரம்? 15 லட்சத்தை 800 ஆல் வகுத்தால் 1,875 வினாடி, அதாவது 31 நிமிடம். இரண்டு நாளுக்கு முன் கிடைப்பது ‘வரலாம்’ என்ற செய்தி. அரை மணி நேரத்துக்கு முன் கிடைப்பது ‘இவ்வளவு வலுவாக வருகிறது’ என்ற செய்தி. மின் தொகுப்பை இயக்குபவர்களும் செயற்கைக்கோள் கட்டுப்பாட்டு அறையில் இருப்பவர்களும் இந்த இரண்டுக்கும் இடையில்தான் முடிவெடுக்க வேண்டும். 1989 மார்ச் 13 அன்று கனடாவின் கியூபெக் மாகாணத்தில் ஒரு புயல் மின் தொகுப்பைச் சாய்த்து, 60 லட்சம் பேரைச் சுமார் ஒன்பது மணி நேரம் இருளில் வைத்தது. 2022 பிப்ரவரியில் ஏவப்பட்ட 49 ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்களில் ஏறத்தாழ 40 அழிந்தன. அது பெரிய புயல்கூட இல்லை. வெப்பத்தால் மேல் வளிமண்டலம் உப்பியதால் உராய்வு கூடி, அவை கீழே இறங்கி எரிந்துபோயின.

நாம் ஏன் தப்பினோம்?

இப்போது என் தவறான விடைக்கு வருகிறேன்.

துருவ ஒளி பெரும்பாலும் உயர் அட்சங்களில்தான் தெரியும் என்பது சரி. மின் தொகுப்புக்கான ஆபத்தும் அங்கே அதிகம். ஆனால் ‘நிலநடுக்கோட்டுக்குப் பக்கம், அதனால் ஒன்றுமில்லை’ என்பது சரியல்ல.

பூமிக்குக் காந்த நிலநடுக்கோடு என்று ஒன்று உண்டு. புவிக்காந்தப்புலம் தரைக்கு இணையாகப் படுத்திருக்கும் இடங்களை இணைக்கும் கோடு அது. இந்தியாவில் அது தென்கோடியை ஒட்டிச் செல்கிறது. 1963 நவம்பர் 21 அன்று இந்தியாவின் முதல் ஆய்வு ராக்கெட் திருவனந்தபுரம் அருகே தும்பாவிலிருந்து ஏவப்பட்டதற்கு இதுவே காரணம். அந்தக் கோட்டுக்கு மேலே சுமார் 100 கி.மீ. உயரத்தில் பகல் நேரத்தில் ஒரு மின்னோட்டம் ஆறுபோல் ஓடுகிறது. அதை ஆராய்வதற்கென்றே திருநெல்வேலியில் இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனத்தின் ஆய்வகம் இருக்கிறது. நம் பெரம்பலூரிலிருந்து ஐந்தாறு மணி நேரப் பயணம்தான். காந்த நிலநடுக்கோட்டை ஒட்டிய பகுதியில் சூரியன் மறைந்த பிறகு அயனி மண்டலத்தில் குமிழ்போல் வெற்றிடங்கள் எழும்பி, ஜிபிஎஸ் சமிக்ஞையைத் தடுமாறச் செய்வதும் உண்டு. அயனி மண்டலம் அடர்த்தியாகவும் அமைதியின்றியும் இருக்கும் பகுதிகளில் நம் நாடும் ஒன்று.

அப்படியானால் 2024 மே மாதம் நாம் ஏன் பெரிதாகப் பாதிக்கப்படவில்லை? தாழ்ந்த அட்சம் ஒரு காரணம். இஸ்ரோ சொன்ன இன்னொரு காரணம் நேரம். புயலின் முக்கியத் தாக்குதல் மே 11 அதிகாலையில் நிகழ்ந்தது. அந்த நேரத்தில் நம் வானில் அயனி மண்டலம் முழுமையாக உருவாகியிருக்கவில்லை. வேறு நேரத்தில் தாக்கியிருந்தால் விளைவும் வேறாக இருந்திருக்கலாம்.

இதை அடுத்த வாரம் வகுப்பில் சொன்னேன். “போன வாரம் நான் சொன்னது பாதி தவறு” என்று தொடங்கினேன். வகுப்பு ஒரு நொடி அமைதியானது. பிறகு ஒரு பையன், “எங்கப்பா அரியலூர்ல சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுறாரு. அதுல ஜிபிஎஸ் இருக்கு” என்றான். இன்னொருத்தி, அவர்கள் ஊரில் மக்காச்சோளத்துக்கு டிரோன் வைத்து மருந்து அடித்ததைச் சொன்னாள். டிரோனும் தன் இடத்தைச் செயற்கைக்கோளைக் கேட்டுத்தான் அறிகிறது. லடாக்கின் சிவந்த வானம் அப்போதுதான் எங்கள் வகுப்பறைக்குள் வந்தது.

நம் மாநிலத்தின் கண்கள்

சூரியனைக் கவனிப்பதில் தமிழ்நாட்டுக்கு நீண்ட மரபு உண்டு. 1876-78 பஞ்சம் சென்னை மாகாணத்தை வாட்டிய பிறகு, சூரியனுக்கும் பருவமழைக்கும் தொடர்பு இருக்குமா என்று அறியும் ஆவலும் சேர்ந்து கொடைக்கானல் சூரிய ஆய்வகம் 1899 இல் அமைந்தது. மழையைக் கரும்புள்ளி கொண்டு கணிக்கும் நம்பிக்கை நிறைவேறவில்லை. ஆனால் நூறாண்டைத் தாண்டிய சூரியப் படங்களின் வரிசை கிடைத்தது. 1909 இல் ஜான் எவர்ஷெட், கரும்புள்ளியில் வாயு வெளிநோக்கி நகர்வதைக் கண்டறிந்ததும் அங்கேதான்.

ஊட்டியும் நம் பெரம்பலூர், அரியலூரும் ஏறத்தாழ ஒரே அட்சத்தில், 11 பாகையை ஒட்டி இருக்கின்றன. ஊட்டி ரேடியோ தொலைநோக்கியை அதே அளவு சாய்ந்த மலைச்சரிவில் அமைத்ததால், 530 மீட்டர் நீளமுள்ள அதன் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக இருக்கிறது. காற்றால் விண்மீன்கள் மினுக்குவது போல, சூரியக் காற்றால் தொலைதூர ரேடியோ மூலங்கள் மினுக்கும். அந்த மினுக்கலை அளந்து, வரும் மேகத்தின் வேகத்தை ஆராய்கிறார்கள். அதே ஊட்டியில் உள்ள கிரேப்ஸ்-3 ஆய்வகம், 2015 ஜூன் 22 அன்று ஒரு புயலால் புவிக்காந்தக் கவசம் சற்று நேரம் தளர்ந்ததை, வந்து விழுந்த மியூவான் துகள்களை எண்ணிக் கண்டது.

எங்கள் வகுப்பின் முன்னறிவிப்பு

சூரியன் சுழல்கிறது. பூமியிலிருந்து பார்க்கும்போது கரும்புள்ளி ஒரு சுற்று வர ஏறத்தாழ 27 நாள். அதில் பாதி நாள் நம் பக்கம், பாதி நாள் மறுபக்கம். மே மாதத்து 3664, மே இறுதியில் திரும்பி வந்தபோது 3697 என்று புது எண் பெற்றது. பள்ளி திறந்த வாரத்தில் அது மேற்கு விளிம்பில் மறைந்துகொண்டிருந்தது.

உயர் தொழில்நுட்ப ஆய்வகத்தில் அன்றன்றைய சூரியப் படத்தைத் திறந்தோம். ஒவ்வொரு குழுவும் வெள்ளைத்தாளில் 15 செ.மீ. விட்டமுள்ள வட்டம் வரைந்து, புள்ளிகளை நாள்தோறும் குறித்தது. புள்ளிகள் இடமிருந்து வலமாக நகர்ந்தன. விளிம்பில் மெதுவாகவும் நடுவில் வேகமாகவும் நகர்வதுபோல் தெரிந்தது. ஏன் என்று கணித ஆசிரியரிடம் அனுப்பினேன். பந்தின் மேல் ஒட்டிய பொட்டைச் சுழற்றிக் காட்டி அவர் விளக்கினார்.

பிறகு கேட்டேன்: “3697 திரும்பி வருமா? எப்போது?” பதின்மூன்று, பதினான்கு நாள் கழித்து என்று கணக்கிட்டார்கள். ‘வரும்’, ‘வரலாம்’, ‘கலைந்து போகலாம்’ என்று மூன்று கட்சியானார்கள். ஜூன் நான்காம் வாரத்தில் அது இடது விளிம்பில் மூன்றாம் முறையாகத் தெரிந்தது. இப்போது எண் 3723. மே மாதத்துத் தோற்றம் அதற்கு இல்லை. நாள் ஓரளவு பொருந்தியது, பருமன் பொருந்தவில்லை. பலகையில் காத்திருந்த கேள்விக்கு அவர்களே விடை சொன்னார்கள்: கணிப்பு முழுவதும் சரியுமில்லை, முழுவதும் தப்புமில்லை. எதில் சரி, எதில் பிசகு என்று பார்க்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. சூரியனை நேராகப் பார்க்கக் கூடாது. எக்ஸ்ரே பிலிம், புகையேற்றிய கண்ணாடி வழியாகவும் கூடாது. சிறு கண்ணாடியைத் தாளால் மூடி, நடுவில் அரை செ.மீ. துளையிட்டு, வெயிலில் வைத்து இருண்ட அறைச் சுவரில் ஒளியை விழச் செய்யலாம். 10 மீட்டர் தொலைவில் சுமார் 9 செ.மீ. அகலச் சூரியப் பிம்பம் கிடைக்கும். சுவரில் விழும் பிம்பத்தை மட்டுமே பார்க்க வேண்டும். கண்ணாடியை எவர் கண்ணிலும் படும்படி திருப்பக் கூடாது. தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் இது ஏற்றது. மிகப் பெரிய கரும்புள்ளிகள் தவிர மற்றவை இதில் தெரியாது என்பதை முன்பே சொல்லிவிடுங்கள்.

மரங்கள் வைத்திருக்கும் குறிப்பு

கருவிகள் வந்து இருநூறு ஆண்டுகூட ஆகவில்லை. அதற்கு முன் வந்த பெரும்புயல்களை மரங்கள் குறித்து வைத்திருக்கின்றன. சூரியத் துகள்கள் வெள்ளம்போல் வந்தால் காற்றில் கார்பன்-14 கூடும். அந்த ஆண்டின் மர வளையத்தில் அது தங்கும். கி.பி. 774-75, 993-94 ஆண்டுகளின் வளையங்களில் இப்படித் திடீர் உயர்வுகள் உண்டு. இரண்டாவது, முதலாம் இராஜராஜன் ஆண்ட காலம். கங்கைகொண்ட சோழபுரத்துக்குச் சுற்றுலா அழைத்துச் செல்லும் வரலாற்று ஆசிரியர்கள் இதைச் சொல்லலாம். சாத்தனூர் கல்மரத்தில் இது தெரியுமா என்று ஒரு மாணவி கேட்டாள். அம்மரத்தின் வயது சுமார் 12 கோடி ஆண்டுகள். கார்பன்-14 சுமார் 5,730 ஆண்டுகளுக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். எத்தனை முறை பாதியாகியிருக்கும் என்று வகுத்துப் பார்த்து, “ஒண்ணுமே மிஞ்சாது” என்று அவளே சொன்னாள்.

ஐந்து கேள்விகள்

‘இன்றிரவு 12.30 முதல் 3.30 வரை காஸ்மிக் கதிர்கள் பூமி அருகே வருகின்றன, செல்போனை அணைத்துத் தூரத்தில் வையுங்கள்’ என்ற செய்தி பல ஆண்டுகளாக வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. அதை நம்பித் தன் பாட்டி போனை அரிசிப் பானைக்குள் வைத்ததை ஒரு மாணவி சிரித்தபடி சொன்னாள். அந்தச் செய்தியைப் பலகையில் எழுதி ஐந்து கேள்விகள் கேட்டோம்.

1. இதைச் சொல்பவர் யார்?
2. எதைப் பார்த்து, அளந்து சொல்கிறார்?
3. தேதியும் அளவும் உண்டா?
4. எவ்வளவு உறுதி என்று சொல்கிறாரா?
5. நடந்த பிறகு சரிபார்க்க முடியுமா?

வதந்தி ஐந்திலும் தோற்றது. தேதிகூட இல்லை, ‘இன்றிரவு’ மட்டுமே. மே 9 எச்சரிக்கை ஐந்துக்கும் விடை தந்தது. பிறகு என் பழைய விடையையும் இதே தராசில் வைக்கச் சொன்னேன். ‘நமக்கு ஒன்றும் ஆகாது.’ அளவு இல்லை, ஆதாரம் இல்லை, உறுதி எவ்வளவு என்பதும் இல்லை. பயமுறுத்துவதா தைரியம் சொல்வதா என்பதைத் தவிர, வதந்திக்கும் அதற்கும் வேறுபாடு இல்லை. ஆசிரியர் சொன்னார் என்பதால் மட்டும் அது குறிப்பேட்டில் இடம் பிடித்திருந்தது.

அந்த மாணவி தன் பழைய வரியை அடித்துவிட்டுக் கீழே எழுதினாள்: ‘இந்த முறை பெரிய பாதிப்பு இல்லை. காரணம், நம் இடமும் புயல் வந்த நேரமும். அடுத்த முறை அளந்து பார்த்துத்தான் சொல்ல முடியும்.’ நான் கையெழுத்திட்டேன்.

சூரியச் செயல்பாடு சுமார் 11 ஆண்டுகளுக்கு ஒருமுறை உச்சம் தொடுகிறது. இப்போதைய சுழற்சியின் உச்சக்கட்டத்தைச் சூரியன் எட்டியதாக 2024 அக்டோபரில் அறிவித்தார்கள். அடுத்த உச்சம் வரும்போது இந்தப் பிள்ளைகளுக்கு இருபத்தைந்து வயதை ஒட்டியிருக்கும். அவர்களில் சிலர் லாரி ஓட்டுவார்கள், சிலர் மின்வாரியத்தில் இருப்பார்கள், யாரோ ஒருத்தி ஆய்வகத்திலும் இருக்கலாம். அன்று ஒரு எச்சரிக்கை வந்தால் அந்த ஐந்து கேள்விகளையும் கேட்க அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.